வளவில் மனுஷர் மட்டும்

தூத்துக்குடி,
11-8-1974, ஞாயிறு.

அன்புள்ள அற்புதமணிக்கு,

ஆண்டவருடைய தயவால் நான் சுகம். நீயும் மகள் கிருபையும் மருமகன் ஜேசுதாசனும் சின்னவன் சத்தியராஜும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். உன் கார்டு வியாழக்கிழமை கிடைத்தது. மொத்தம் ஐந்து வரி. இரண்டு வரி பேரனுடைய சளி, ஒரு வரி ஜாம்ஷெட்பூர் மழை, மீதி உன் கையெழுத்து. ஒரு இன்லண்டில் எழுதினால் என்ன? கார்டாக இருப்பதால் தபால்காரர் மரியான் தெருமுனையிலேயே வாசித்துவிடுகிறார். "பேரனுக்குச் சளி கொறஞ்சிட்டாம்லா ஐயா" என்று சொல்லிக்கொண்டேதான் கையில் கொடுக்கிறார். என் வீட்டுச் செய்தியை நான் அவர் வாயால் கேட்க வேண்டியிருக்கிறது.

நீ போய் ஒரு வருஷமும் ஏழு மாதமும் ஆகிறது. பேறுகாலம் பார்க்க மூன்று மாதம் என்று சொல்லிப் போனவள். குறை சொல்லவில்லை. ரயில் புறப்படும்போது ஜன்னல் வழியாக நீ சொன்னதை மறக்கவும் இல்லை. "நம்ம வளவுல மனுஷர் மட்டும் இருக்குத அன்னைக்கு எழுதுங்க, வாரேன்" என்றாய். நானும் சிரித்துக்கொண்டு தலையாட்டினேன். விளையாட்டுக்குச் சொல்லுகிறாய் என்று நினைத்தேன். விளையாட்டில்லை என்று தெரிய எனக்கு இவ்வளவு நாளாகியிருக்கிறது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நீ போனபோது வீட்டைச் சுற்றி வளவில் நாய் நாலு, கழுதை ஒன்று. இப்போது நாய் ஏழு, கழுதை அதே ஒன்று, வண்டிமாடு இரண்டு. கோபப்படாதே. நான் தேடிப் போய்ப் பிடித்து வரவில்லை. கால்நடை ஆஸ்பத்திரியில் முப்பத்திரண்டு வருஷம் கம்பவுண்டராக இருந்தவன் பென்ஷன் வாங்கினாலும் ஊர் விடுமா? எதற்கு அடிபட்டாலும் நம் வாசலில் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். புதுத் துறைமுகத்துக்கு லாரியாக ஓடுகிறது. பழைய துறைமுகத்துப் பக்கம் வண்டிக்குப் பாரம் பாதிகூடக் கிடைப்பதில்லை. வேலையில்லாத கிழட்டு மாட்டை வைத்து யார் தீனி போடுவார்கள்? அடிமாடாக விற்பார்கள், மனசு வராதவர்கள் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போய்விடுவார்கள். போன சித்திரையில் ஒரு செவலைக் காளை நம் கேட்டில் கட்டிக் கிடந்தது. நுகத்தடி அழுத்திய தோள்புண்ணில் புழு வைத்திருந்தது. கட்டியவன் யார் என்று தெரியவில்லை. புழுவை எடுத்து மருந்து வைத்தேன். அப்புறம் எங்கே ஓட்டிவிடுவது, நீயே சொல்.

அடுத்த வீட்டு அந்தோணியம்மாள் நாற்றம் தாங்கவில்லை என்று சண்டைக்கு வந்தாள். வந்த கையோடு மீன்குழம்பும் கொண்டுவந்தாள். "அண்ணாச்சி, அக்கா ஏன் போனாவன்னு இப்பத்தான் எனக்குத் தெரியுது" என்று சொல்லிவிட்டுக் குழம்பை வைத்துவிட்டுப் போனாள். குழம்பு நன்றாக இருந்தது.

அதனால் ஒரு முடிவு செய்தேன். நகராட்சியில் மாட்டுப் பவுண்டு இருக்கிறதல்லவா, அது மேயவந்த மாட்டை அடைத்துப் போடத்தான். உரியவன் வந்து மீட்காவிட்டால் ஏலம். ஏலம் எடுப்பவன் அடிமாட்டுக்காரன் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே நோயுற்ற, வயதான, உரியவர் இல்லாத விலங்குகளுக்கு நகராட்சியே ஒரு காப்பகம் நடத்த வேண்டும் என்று மனு எழுதியிருக்கிறேன். ஏழு முறை எழுதினேன். வேதமணி வாத்தியாரிடம் காட்டினேன். வேதவசனம் மூன்று போட்டிருந்தேன், அவர் இரண்டை அடித்துவிட்டார். "மனு எழுதச் சொன்னா பிரசங்கம் எழுதியிருக்கீரே" என்றார்.

இடமும் நானே பார்த்தாயிற்று. உப்பளத்துக்குப் போகிற பாதையில் வண்டிப்பேட்டைக்குப் பின்னால் அரை ஏக்கர் புறம்போக்கு சும்மா கிடக்கிறது. இரண்டு உடைமரம், உடைந்த செங்கல் குவியல் ஒன்று, வேறொன்றும் இல்லை. அதையெல்லாம் மனுவில் ஸ்கெட்ச் போட்டுக் காட்டியிருக்கிறேன். போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோவில் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து இருநூற்றுப் பதினாலு கையெழுத்து வாங்கினேன். குருவானவர்தான் முதல் கையெழுத்து. கமிஷனர் ஆபீசில் மனுவை வாங்கிக்கொண்டு மரியாதையாக உட்காரச் சொன்னார்கள். ஒரு மாதம் ஆட்சேபணை கேட்டு நோட்டீஸ் ஒட்டுவார்களாம், அப்புறம் கவுன்சிலுக்குப் போகுமாம்.

யார் ஆட்சேபிக்கப் போகிறார்கள்? கிறிஸ்மஸுக்குள் வளவு காலியாகிவிடும். நீ புறப்படுவதற்குத் துணி மடித்து வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள,
நா. தேவபிரசாதம்.


தூத்துக்குடி,
6-10-1974, ஞாயிறு.

அன்புள்ள அற்புதமணிக்கு,

இங்கே நான் சுகம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். உன் கார்டு வந்தது. காப்பகம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் கடிதம் வந்து சேர்ந்ததா என்றாவது எழுதியிருக்கலாம்.

துணி மடித்து வைக்கச் சொன்னேன், அவசரப்பட்டுவிட்டேன். ஆட்சேபணை வந்துவிட்டது. யாரிடமிருந்து என்று நினைக்கிறாய்? வண்டிக்காரர்களிடமிருந்து! அறுபத்துமூன்று பேர் கைநாட்டு வைத்திருக்கிறார்கள். யாருடைய மாட்டுக்காக இந்த வயதில் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குகிறேனோ, அவர்களே "கூடாது" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆபீஸில் கிளார்க் தாளைக் காட்டினார். "நன்றி கெட்ட சனங்கள்" என்று அங்கேயே சத்தம் போட்டேன். அவர், "சார், கோவப்படாம முழுசாப் படிங்க" என்றார். நான் படிக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். என் குணம் உனக்குத் தெரியாததா.

புதன்கிழமை சாயங்காலம் கேட்டைத் தட்டுகிற சத்தம். வண்டிப்பேட்டைத் தலைவர் சிவனாண்டி, என் வயதிருக்கும், கூட இரண்டு ஆட்கள். சண்டைக்குத்தான் வந்தார்கள், முகத்திலேயே தெரிந்தது. உள்ளே கூப்பிட்டேன், வரமாட்டோம் என்றார்கள். கேட்டுக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டே சிவனாண்டி கேட்டார்: "கம்பவுண்டர் ஐயா, நாங்க கும்பிடுத சாமிய செங்கக் குவியல்னு எழுதிட்டீயளே, இது நாயமா? இடிச்சுத் தள்ளலாம்னு வேற எழுதியிருக்கீயளாம்லா?"

எனக்கு முதலில் புரியவே இல்லை. அப்புறம் புரிந்தது. அற்புதமணி, நான் உடைந்த செங்கல் குவியல் என்று எழுதினேனே, அது சுடலைமாடனுடைய பீடம். காரை உதிர்ந்து செங்கல் தெரிகிறது, அவ்வளவுதான். வருஷா வருஷம் சித்திரையில் அங்கேதான் வண்டிக்காரர்கள் கொடைவிழா எடுக்கிறார்களாம். கொடை ராத்திரியில் சாமியாடி வேட்டைக்குப் போகிற வழியும் அந்த நிலத்துக்குள்தான். நான் அதற்குக் குறுக்கே மதில் வரைந்து, "குவியலை அகற்றிக்கொள்ளலாம்" என்று அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறேன். அதன் கீழே இருநூற்றுப் பதினாலு கையெழுத்து, அத்தனையும் நம் சபையார், முதலில் குருவானவர். அதை வாசிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பீடத்தை இடிக்க வேதக்காரர்கள் எல்லாரும் ஒன்றுசேர்ந்து மனு போட்டதாகத்தானே நினைப்பார்கள்.

நாசரேத்தில் மிஷன் வளவுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவன் நான். அறுபது வயதாகப் போகிறது. முப்பத்திரண்டு வருஷம் இந்த வண்டிக்காரர்களுடைய மாட்டுக்கு ஊசி போட்டிருக்கிறேன். அவர்கள் எங்கே கும்பிடுகிறார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அந்தப் பக்கம் சைக்கிளில் எத்தனை தடவை போயிருப்பேன்! செங்கலைத்தான் பார்த்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. தெரியாமல் செய்துவிட்டேன், மன்னியுங்கள் என்று கேட்டுக்கு இந்தப்பக்கம் நின்று சொன்னேன். இவ்வளவு சுலபமாகச் சொல்வேன் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை போல. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் சிவனாண்டி வளவைப் பார்த்தார். பார்த்தவர் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். வேப்பமரத்தடியில் செவலை படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. "இது எம்மாடுல்லா" என்றார். அவர்தான் சித்திரையில் கொண்டுவந்து கேட்டில் கட்டியவராம். ஏரல் பக்கம் வாங்கி பதினோரு வருஷம் வண்டியில் பூட்டிய மாடாம். அடிமாட்டுக்காரன் வீட்டுக்கே வந்து கேட்டும் கொடுக்க மனசில்லாமல் இங்கே கொண்டுவந்து கட்டிவிட்டு, நான் எழுந்து வருவதற்குள் ஓடிவிட்டாராம். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்புறம் கிட்டே போய்க் கூப்பிட்டார். "ஏலே செவல, நாந்தாம்ல. ஏலே, திரும்பிப் பாருல." செவலை திரும்பவில்லை. காதைக்கூட ஆட்டவில்லை. அசைபோட்டுக்கொண்டே இருந்தது. மூன்று தடவை கூப்பிட்டுவிட்டு, "நம்மள மறந்துட்டாம் பாத்தீயளா ஐயா" என்றார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மாட்டுக்கு வயதாகிவிட்டது, காது மந்தம் என்று சொன்னேன். பொய். நான் வாளியைத் தூக்கினாலே அது எழுந்து நிற்கும். ஆறு மாதம்தான் ஆகிறது. பதினோரு வருஷம் கேட்ட குரலை ஆறு மாதத்தில் விட்டுவிட்டது.

அவர்கள் போன பிறகு என் சோற்றையும் நாய்களுக்கு வைத்துவிட்டு உட்கார்ந்தேன். உனக்கு என் குரல் நினைவிருக்கிறதா என்று கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்டுவிட்டேன். இதைக் கிருபை வாசிக்கக் கொடுக்காதே.

வருகிற வெள்ளிக்கிழமை வண்டிப்பேட்டையில் கூட்டம் போட்டுப் பேசலாம் என்று சிவனாண்டி சொல்லியிருக்கிறார். எனக்காக ஜெபித்துக்கொள். எதற்காக என்று கேட்காதே, பொதுவாக ஜெபித்துக்கொள்.

உன்,
தேவபிரசாதம்.


தூத்துக்குடி,
15-12-1974, ஞாயிறு.

அன்புள்ள அற்புதமணிக்கு,

நல்ல செய்தி. கவுன்சில் வியாழக்கிழமை கூடிக் காப்பகத்துக்கு அங்கீகாரம் கொடுத்துவிட்டது. தீர்மானத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். வீட்டில் சொல்ல ஆளில்லை. நாய்களிடம் சொன்னேன், அவை குரைத்தன.

நடந்ததைச் சொல்லுகிறேன். போன கடிதத்தில் சொன்ன வெள்ளிக்கிழமை வண்டிப்பேட்டைக்குப் போனேன். முதலில் என்னை அந்த இடத்துக்கே கூட்டிக்கொண்டு போனார்கள். பீடத்தில் அன்றைக்கு மாலை போட்டிருந்தது. மாலையோடு பார்த்தால் எனக்கே சாமி என்று தெரிந்திருக்கும். ஒருவர் எனக்கும் திருநீறு கொடுத்தார். வாங்காமலிருந்தால் தப்பு, பூசினால் நம் சபையார் என்ன சொல்வார்களோ. வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். சட்டைப்பை முழுவதும் திருநீறு. நீ இருந்திருந்தால் வண்ணானுக்குப் போடும்போது கண்டுபிடித்து என்னைத் தொலைத்திருப்பாய்.

அங்கேயே மண்ணில் குச்சியால் கோடு கிழித்து ஸ்கெட்ச் போட்டோம். மதிலை வடக்கே நாற்பது அடி தள்ளினோம். பீடமும் வேட்டைக்குப் போகிற வழியும் அப்படியே வெளியே நிற்கும். மாட்டுக்குத் தண்ணீர்த்தொட்டி எங்கே வரவேண்டும், கொட்டகை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று எனக்கே அவர்கள் பாடம் சொன்னார்கள். தென்மேற்குக் காற்று உப்பளத்து மண்ணை அள்ளிக்கொண்டு வருமாம், வாசலைக் கிழக்கே வைக்கச் சொன்னார்கள். எனக்கு அது தோன்றவில்லை. சிவனாண்டியின் சம்சாரம் அருணாசலவடிவு கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். உங்கள் வீட்டம்மா எங்கே என்று விசாரித்தார். மகள் வீட்டில் என்றேன். எப்போது வருவார்கள் என்றார். இந்த மாடும் நாயும் வீட்டை விட்டுப் போனதும் வருவாள் என்றேன். அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "மாட்டுக்காவ ஒரு பொம்பள வீட்ட விட்டுப் போவாளாக்கும்" என்றார். பேட்டைப் பெண்களுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

மனுவை எட்டாவது முறையாக எழுதினேன். இந்தத் தடவை நம் சபையாருடைய கையெழுத்துக்கு முன்னால் அறுபத்துமூன்று கைநாட்டு. கவுன்சில் நடந்த அன்று வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்த்துப்போட்டுவிட்டு நகராட்சி வராந்தாவில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மனுஷனுக்கே ஆஸ்பத்திரியில் கட்டில் பற்றவில்லை, மாட்டுக்குக் கொட்டகையா என்று ஒரு கவுன்சிலர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். என்னைப் பேசச் சொன்னார்கள். ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தது அத்தனையும் மறந்துபோயிற்று. சேர்மன் அனுமதி கொடுத்து சிவனாண்டியைக் கூப்பிட்டார். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "இந்த ஊரு மூட்டையெல்லாம் கப்பலுக்குக் கொண்டு சேத்தது அதுகதாம் சாமி. கீழ விழுதப்ப விழ ஒரு எடம் கேக்கோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று. அந்தக் கவுன்சிலரும் கை தூக்கினார்.

கொட்டகை போட மூன்று நாலு மாதம் ஆகும். காவலுக்கும் பராமரிப்புக்கும் ஓர் ஆள் அங்கேயே தங்கியிருக்க வேண்டும், ஓர் அறை கட்டித் தருவார்கள். அந்த வேலையை எனக்குத் தருவதாகச் சொன்னார்கள். ஆசையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ வரும்போது நான் வீட்டில் இருக்க வேண்டும். சிவனாண்டிக்கும் வண்டி ஓட்டம் நின்றுவிட்டது. அவருக்குக் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டேன்.

கிறிஸ்மஸுக்கு முறுக்குச் சுட ஆளில்லை. அந்தோணியம்மாள் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். சின்னவனுக்குச் சட்டை எடுத்து அனுப்பியிருக்கிறேன், அளவு தெரியாமல் உத்தேசமாக எடுத்தேன். ஈஸ்டர் கழிந்ததும் நீ புறப்படலாம்.

உன்,
தேவபிரசாதம்.


தூத்துக்குடி,
20-4-1975, ஞாயிறு.

என் அற்புதமணிக்கு,

தந்தி அடித்ததற்கு மன்னித்துக்கொள். தந்தி என்றால் சாவு என்றுதான் வீட்டில் நினைப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. வளவு காலி, புறப்பட்டு வா என்று இங்கிலீஷில் நானே எழுதிக் கொடுத்தேன். அத்தனை சந்தோஷம். அதைக் கையில் வாங்கிய உடனே கிருபை அழுதுவிட்டாள் என்று உன் கார்டில் படித்து வருத்தப்பட்டேன்.

உன் கார்டை இப்போது முன்னால் வைத்திருக்கிறேன். கிருபை அழுதுவிட்டாள், இனி தந்தி அடிக்காதீர்கள், காப்பகம் அமைந்தது சந்தோஷம், சின்னவன் நன்றாகப் பேசுகிறான், வெயிலில் அலையாதீர்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவுதான். வருகிறேன் என்றும் இல்லை, வரவில்லை என்றும் இல்லை. மரியான்கூட இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை. கார்டைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

ஈஸ்டர் கழிந்த செவ்வாய்க்கிழமை எல்லாவற்றையும் கொண்டுபோனோம். மாடு இரண்டையும் நடத்திக்கொண்டு போனேன். நாய்களைச் சிவனாண்டி தம் வண்டியில் ஏற்றிக்கொண்டார். கழுதை பாதி வழியில் நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டது. பின்னால் வந்த இரண்டு லாரியும் ஒரு பஸ்ஸும் ஹாரன் அடித்து ஓய்ந்தன. கடைசியில் அருணாசலவடிவு வந்து ஒரு அதட்டுப் போட்டதும் எழுந்து நடந்தது. செவலையைத் தொட்டியருகில் கட்டிவிட்டுத் திரும்பினேன். சிவனாண்டி அதன் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். திரும்பப் பழகிக்கொள்ளும் என்று நம்புகிறார்.

வளவை இரண்டு நாள் பினாயில் ஊற்றிக் கழுவினேன். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். உன் துவைகல்லைத் தேய்த்து வைத்தேன். அப்புறம்தான் தந்தி ஆபீசுக்குப் போனேன்.

உன் கார்டு வந்த அன்று எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. சொன்னதைச் செய்துவிட்டேனே, இன்னும் என்ன வேண்டும் என்று சுவரைப் பார்த்துக் கத்தினேன். யார் கேட்பது? நாய்கூட இல்லை. வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இந்த வளவு இவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் வைக்க வேண்டியதில்லை, கட்டுப் பிரிக்க வேண்டியதில்லை, யாரும் என்னை எதிர்பார்க்கவில்லை. பொழுது போய்க்கொண்டே இருந்தது. நீ இந்த வீட்டில் இப்படி எத்தனை சாயங்காலம் உட்கார்ந்திருப்பாய் என்று அப்போதுதான் நினைத்தேன். நான் வளவில் இருப்பேன், நீ உள்ளே இருப்பாய். நடுவில் ஒரு கதவுதான். திறந்துதான் கிடக்கும். நான் உள்ளே வரமாட்டேன்.

எழுபத்தொன்றில் உனக்கு டைபாய்டு வந்ததே, பதினோரு நாள். வேளை தவறாமல் மருந்து கொடுத்தேன். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை சூடு பார்த்து நோட்டில் எழுதி வைத்தேன். டாக்டர் அந்த நோட்டைப் பார்த்துப் பாராட்டினார். எனக்கு அதில் பெருமைகூட. ஆனால் அந்தப் பதினோரு நாளில் ஒரு தடவை உன் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் கை வைத்து, "உனக்கு என்ன செய்யுது?" என்று கேட்டேனா? கேட்கவில்லை. அதே வாரம் வளவில் கால் ஒடிந்த நாய் ஒன்று கிடந்தது. அதைத் தடவிக்கொடுத்து, வலிக்குதா ராசா, வலிக்குதா என்று நான் கேட்டுக்கொண்டிருந்தது உன் கட்டில் வரை கேட்டிருக்கும். ஜன்னல் அந்தப் பக்கம்தானே. நீ ஒரு வார்த்தை சொன்னதில்லை. நாய் நாற்றம் என்றுதான் சண்டை போட்டாய். நானும் நாற்றம் என்றே எடுத்துக்கொண்டேன்.

அருணாசலவடிவு சிரித்ததற்கு அர்த்தம் இப்போது தெரிகிறது. எழுத்து வாசனை இல்லாத அந்த அம்மாளுக்கு ஒரு நிமிஷத்தில் தெரிந்தது, எனக்கு இரண்டே கால் வருஷம் பிடித்திருக்கிறது. மாட்டை அனுப்பினால் நீ வருவாய் என்று நம்பிக் கமிஷனருக்கு எழுதினேன், கவுன்சிலுக்கு எழுதினேன். உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. உனக்கு எழுதியதிலும் வா, புறப்படு, துணி மடி என்றுதான் எழுதினேன். நீ வாயில்லாத சீவன் என்று நினைத்துவிட்டேன் போல. இல்லை, அப்படி நினைத்திருந்தால் கேட்டிருப்பேனே. நீ நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துவிட்டேன்.

இப்போது கேட்கிறேன். முப்பத்தோரு வருஷம் பிந்திப்போயிற்று. அற்புதம், உனக்கு என்ன செய்யுது?

நீ இங்கே வரவேண்டும் என்று இனி எழுதமாட்டேன். அங்கே உனக்குப் பேரன் இருக்கிறான், பேச்சுத்துணைக்கு மகள் இருக்கிறாள். நிம்மதியாக இருக்கிறாய் என்றால் அதைக் கெடுக்க எனக்கு வாயில்லை. நான் அங்கே வரட்டுமா? மெட்ராசைத் தாண்டி நான் போனதில்லை, இந்தி ஒரு சொல் தெரியாது. கல்கத்தா வண்டியில் போய் நடுவில் வண்டி மாறினால் ஜாம்ஷெட்பூரில் இறங்கிவிடலாம் என்று வேதமணி வாத்தியார் சொல்லுகிறார். வந்து ஒரு மூலையில் இருந்துகொள்வேன். உன் பக்கத்தில் உட்கார மட்டும் இடம் கொடு. பேசத் தெரியாவிட்டாலும் பழகிக்கொள்வேன். காப்பகத்தைப் பற்றி உனக்குக் கவலை வேண்டாம், அங்கே எனக்காகக் காத்திருக்கிற விலங்கு ஒன்றும் இல்லை.

வரவேண்டாம் என்று உன் மனசுக்குப் பட்டால் அப்படியே எழுது, நான் தாங்கிக்கொள்வேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் எழுதிவிடாதே.

கர்த்தர் உன்னையும் பிள்ளைகளையும் காப்பாராக. சின்னவன் பேசுகிறான் என்றாயே, தாத்தா என்று சொல்ல யாராவது சொல்லிக்கொடுத்தீர்களா?

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
தேவபிரசாதம்.